அப்பத்தாவுக்கு டயாலிசிஸ், பேரனைப் பள்ளிக்கு அனுப்பலாமா?

ராமேசுவரம் தீவில் ஒரு வீடு. தங்கச்சிமடத்தில் இருக்கலாம், பாம்பனில் இருக்கலாம். பெயர் வேண்டாம். அப்படி ஒரு வீட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டே அறை. ஐந்து பேர். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா வீட்டு வேலை போக, சிப்பி மாலை கோர்க்கிறார். மகன் ஆறாம் வகுப்பு, மகள் மூன்றாம் வகுப்பு. மூலையில் கட்டிலில் அப்பத்தா. அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. வாரத்துக்கு இரண்டு தடவை பாலம் தாண்டி ராமநாதபுரம் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருகிறார். ராமேசுவரத்தில் இருந்து போக ஏறத்தாழ 55 கிலோ மீட்டர். வரவும் அதே 55.

பள்ளிக்கூடத்தில் பாதி வகுப்பு இருமுகிறது. இரண்டு பையன்களுக்கு அம்மை போட்டிருப்பதாகப் பேச்சு.

"அத்தை, இவனைக் கொஞ்ச நாளைக்கு வீட்டுலயே வச்சுக்கிடவா?" என்கிறாள் மருமகள்.

"என்னால புள்ள படிப்பு கெடணுமாத்தா?" என்கிறார் அப்பத்தா.

இரண்டு பேர் பேசுவதும் நியாயம். அதுதான் சங்கடம்!

இந்தச் சங்கடம் கொரோனாவோடு வந்து கொரோனாவோடு போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். போகவில்லை. சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர், டயாலிசிசில் இருப்பவர், நாள்பட்ட ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர் ஆகியோருக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறைவு. பிள்ளைக்கு மூன்று நாள் காய்ச்சல் என்று போவது, அவர்களுக்கு ஆஸ்பத்திரிப் படுக்கையாக மாறலாம். இப்படி ஒருவர் இருக்கும் வீட்டில், பிள்ளையின் புத்தகப் பையோடு சேர்ந்து பயமும் தினம் வீட்டுக்குள் வருகிறது.

கையெழுத்து கேட்டார்கள்

2020-ம் ஆண்டு மார்ச் மாதம் பள்ளிகள் மூடப்பட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். திறப்பதற்குள் எத்தனை இழுபறி!

அந்த ஆண்டு நவம்பர் 16-ந் தேதி 9 முதல் 12 வரை திறப்போம் என்றது அரசு. நவம்பர் 9-ந் தேதி பெற்றோரைப் பள்ளிக்கூடத்துக்கே கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார்கள். "வேண்டாம்" என்ற குரல் வந்தது. திறப்பு தள்ளிப்போனது.

2021 ஜனவரி 19-ந் தேதி 10, 12-ம் வகுப்புகள் திறந்தன. பிப்ரவரி 8-ந் தேதி 9-ம் வகுப்பும் 11-ம் வகுப்பும் திறந்தன. மார்ச் 22-ந் தேதி அந்த இரண்டோடு 10-ம் வகுப்பையும் சேர்த்து நிறுத்தினார்கள். பிறகு இரண்டாம் அலை. செப்டம்பர் 1-ந் தேதி மறுபடி 9 முதல் 12 வரை. கடைசியாக நவம்பர் 1-ந் தேதிதான் 1 முதல் 8 வரை உள்ள சின்னப் பிள்ளைகள் உள்ளே போனார்கள். 19 மாதம்! ஜனவரியில் ஒமைக்ரான் வந்து மறுபடி பூட்டு. 2022 பிப்ரவரி 1-ந் தேதி மறுபடி திறப்பு.

இந்தத் தேதிகளை வரிசையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2020 செப்டம்பர் 30-ந் தேதி மத்திய அரசு போட்ட உத்தரவிலேயே, பெற்றோர் எழுத்து மூலம் சம்மதம் கொடுத்தால் பிள்ளை வரலாம், வருகைப் பதிவைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று இருந்தது. கேட்பதற்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் வீட்டில் நோயாளி வைத்திருந்தவருக்கு அது என்ன ஆனது? பிள்ளையை அனுப்பி அப்பத்தாவுக்கு ஏதாவது ஆனால், கையெழுத்துப் போட்டது நீதான். அனுப்பாமல் பிள்ளை எழுத்து மறந்தால், கையெழுத்துப் போடாததும் நீதான். முடிவு முழுவதும் வீட்டுக்காரர் தலையில்!

இன்னொன்று. 2021 நவம்பரில் சின்னப் பிள்ளைகள் வகுப்புக்குப் போனபோது அவர்களுக்குத் தடுப்பூசி கிடையாது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே 2022 ஜனவரி 3-ந் தேதிதான் ஊசி தொடங்கியது. 12 வயதுப் பிள்ளைகளுக்கு மார்ச் 16-ந் தேதி. அதற்குள் ஆறாம் வகுப்புப் பையன் அப்பத்தா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான்.

கரையில் பிள்ளை வீட்டில் இருந்தால்...

பட்டணத்தில் 'வீட்டுக் கல்வி' என்றால் தனி அறை, கம்ப்யூட்டர், மாதச் சம்பளத்துக்கு வாத்தியார் என்று நினைப்பார்கள். இந்தக் கரையில் அது வேறு.

இங்கே வீட்டில் இருக்கும் பையன் பத்து நாள் சும்மா இருப்பான். பதினொன்றாம் நாள் கரையில் வலை பிரிக்கக் கூப்பிடுவார்கள். கைச்செலவுக்குக் காசு கிடைக்கும். காசு பார்த்த பையனை மறுபடி பெஞ்சில் உட்கார வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எந்தத் தலைமை ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார். ஏப்ரல் 15-ந் தேதி முதல் ஜூன் 14-ந் தேதி வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. தடை முடிந்து படகு கிளம்புவதும் பள்ளிக்கூடம் திறப்பதும் ஏறக்குறைய ஒரே மாதம். படகா, பள்ளியா என்ற இழுப்பு இந்தக் கரைக்குப் புதிதல்ல.

பெண் பிள்ளை என்றால் இன்னும் மோசம். நோயாளியைப் பார்த்துக்கொள்வது, சமைப்பது, கருவாடு காயவைப்பது, தம்பியைத் தூக்குவது என்று ஒவ்வொன்றாக அவள் தலையில் விழும். அப்பத்தாவுக்குப் பாதுகாப்பு என்று நிறுத்திய பேத்தியே அப்பத்தாவுக்குச் சம்பளமில்லாத நர்ஸ் ஆகிவிடுவாள்!

பிறகு சாப்பாடு. 1982-ம் ஆண்டு எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும், 2022 செப்டம்பர் 15-ந் தேதி மதுரையில் தொடங்கிய காலை உணவும் பள்ளிக்கூடத்தில்தான் கிடைக்கும். ஊரடங்கில் அரிசி, பருப்பு, முட்டை என்று கையில் கொடுத்தார்கள். இப்போது பள்ளி நடக்கும்போது, வராத பிள்ளைக்கு யார் அளந்து கொடுப்பது?

படிப்பு எவ்வளவு போனது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 'ஏசர்' என்ற ஆய்வில் கிராமத்துப் பிள்ளைகளை வீட்டு வாசலில் உட்கார வைத்துப் படிக்கச் சொல்லிப் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டில் 2018-ல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 100 பேரில் 10 பேர் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படித்தார்கள். 2022-ல் 5 பேர்கூடத் தேறவில்லை. டி.வி.யில் கல்வித் தொலைக்காட்சி ஓடத்தான் செய்தது. ஆனால் 'இந்த எழுத்து என்ன சார்?' என்று டி.வி.யிடம் கேட்க முடியுமா?

ஆட்டோவில் வரும் கிருமி

ஒரு விஷயத்தைப் பலர் யோசிப்பதில்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

ராமேசுவரம் ஊரே யாத்திரிகர்களை நம்பி இருக்கிறது. காசியில் இருந்தும் குஜராத்தில் இருந்தும் தினம் ஆட்கள் வருகிறார்கள். அவர்களை ஆட்டோவில் ஏற்றித் தனுஷ்கோடி காட்டுகிறார் பையனின் அப்பா. நாள் முழுக்க எத்தனை இருமல், எத்தனை தும்மல்! அவர் இரவு வந்து அதே இரண்டு அறையில்தான் படுக்கிறார். அப்பத்தாவோ வாரத்துக்கு இரண்டு நாள் பஸ்சில் இடிபட்டு, ஆஸ்பத்திரி வராண்டாவில் நோயாளிகளோடு உட்கார்ந்துவிட்டு வருகிறார்.

எல்லா வாசலும் திறந்து கிடக்கும்போது பிள்ளை வரும் வாசலை மட்டும் பூட்டி என்ன பயன்? நிறுத்துவது சுலபம் என்பதால் முதலில் பிள்ளையை நிறுத்துகிறோம். அப்பாவை நிறுத்தினால் அடுப்பு எரியாதே!

அதற்காக வகுப்பறை ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. 40 பிள்ளைகள் ஒரு அறையில் அடைந்து உட்காரும்போது சளிக் காய்ச்சலும் அம்மையும் பரவத்தான் செய்யும். ஆனால் கணக்குப் போடும்போது வீட்டுக்குள் வரும் எல்லாரையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டால் போலீஸ் வருமா? வராது.

2009-ம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. 6 வயது முதல் 14 வயது வரை உள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-வது பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று அந்தச் சட்டத்தில் இல்லை.

அதே சட்டத்தில் 2012-ல் ஒரு திருத்தம் வந்தது. கடுமையான ஊனம் உள்ள பிள்ளை, விரும்பினால் வீட்டிலேயே கல்வி பெறலாம். அப்படிப்பட்ட பிள்ளைகளின் வீட்டுக்குச் சிறப்பு ஆசிரியர்கள் போய்ச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடு தமிழ்நாட்டில் உண்டு.

ஆனால் கவனியுங்கள். அது பிள்ளைக்கே உடல்நிலை சரியில்லாதபோது. பிள்ளை நன்றாக இருந்து, வீட்டில் இருப்பவர் நோயாளியாக இருந்தால்? அந்தக் கட்டத்துக்குப் பாரத்தில் இடமே இல்லை!

இங்கே ஒரு வேடிக்கை. 2021 ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கினார்கள். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரை வீடு தேடி வந்தது. வயிறு வழியாக வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு அதற்கான பையும் கொடுத்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 27-ந் தேதி மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் தன்னார்வலர்கள், சாயங்காலம் தெருவிலேயே பாடம். ஒரே வருடத்தில் மருந்தும் வாசலுக்கு வந்தது, பாடமும் தெருவுக்கு வந்தது. நோயாளி இருக்கும் வீட்டுப் பிள்ளையின் கணக்கில் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

லண்டனில் அபராதம், சிகாகோவில் ரேடியோ

வெளிநாட்டில் மட்டும் ஒழுங்காக நடந்ததா என்றால் அதுவும் இல்லை.

2020-ல் இங்கிலாந்தில், நோயால் மிகவும் பலவீனமானவர்கள் என்று சுமார் 22 லட்சம் பேரைப் பட்டியல் எடுத்து, வீட்டை விட்டு வெளியே வராதீர்கள் என்று கடிதம் அனுப்பினார்கள். செப்டம்பரில் பள்ளி திறந்ததும் வருகை கட்டாயம் என்றார்கள். அம்மாவுக்குப் புற்றுநோய், அப்பாவுக்கு மாற்றுச் சிறுநீரகம் என்பதெல்லாம் லீவுக்குக் காரணம் ஆகாது. அனுப்பாவிட்டால் 60 பவுன் அபராதம், உடனே கட்டாவிட்டால் 120 என்று சட்டம் தயாராக இருந்தது. பள்ளியில் இருந்து பிள்ளையின் பெயரையே எடுத்துவிட்டு வீட்டுக் கல்விக்குப் போன குடும்பங்கள் உண்டு. அங்கே அதிகாரியே முடிவு செய்தார். இங்கே முடிவை நம்மிடம் விட்டார்கள், உதவிக்கு ஆள் விடவில்லை.

1937-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் இளம்பிள்ளை வாதம் பரவிப் பள்ளிகள் திறக்க முடியாமல் போனது. ரேடியோவில் கால் மணி நேரப் பாடங்கள் வைத்தார்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு! அன்றன்றைய பாடத்தைப் பத்திரிகைகள் அச்சிட்டன. நம்ம தொழில் ஒரு காலத்தில் வாத்தியார் வேலையும் பார்த்திருக்கிறது என்பதில் இந்த நிருபருக்குக் கொஞ்சம் பெருமை.

நம் கரைக்கும் இது புதிதல்ல. வெள்ளைக்காரர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன ஆட்களை மண்டபம் முகாமில் தங்க வைத்து, அம்மைக் குத்தி, காலரா, பிளேக் இருக்கிறதா என்று பார்த்துத்தான் கப்பல் ஏற்றினார்கள். அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கினால் யாரும் உள்ளே போகமாட்டார்கள், அந்த வீட்டுப் பிள்ளையும் வெளியே வராது. யாரும் சர்க்குலர் அனுப்பவில்லை. மூன்று தண்ணீர் ஊற்றிய பிறகு பிள்ளை பள்ளிக்குப் போகும்.

இதில் கவனிக்க வேண்டியது கடைசி வரி. வேப்பிலைக்கு ஒரு முடிவு நாள் இருந்தது.

முடிவு நாள் இல்லாத லீவு வேண்டாம்

'கொஞ்ச நாளைக்கு' என்று பிள்ளையை நிறுத்துவதுதான் தப்பு. எந்த நாள் வரை என்று முதல் நாளே பேசிவிட வேண்டும்.

எத்தனை நாள் என்பதை அப்பத்தாவைப் பார்க்கும் டாக்டரிடம் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டில் கேட்கக் கூடாது. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றினால், ஏற்றிய பிறகு ஒரு வாரம், இரண்டு வாரம் வெள்ளணு குறைந்து இருக்கும். ஆபத்து அந்த நாட்களில் அதிகம். சிறுநீரகம் மாற்றியவருக்கு முதல் சில மாதங்கள் கடினமானவை. அந்த நாட்களுக்கு மட்டும் பிள்ளை வீட்டில் இருக்கலாம், அல்லது பிள்ளையை அம்மாச்சி வீட்டில் விட்டு அங்கிருந்து பள்ளிக்கு அனுப்பலாம். இரண்டாவது பல சமயம் நல்லது. படிப்பும் நிற்காது. ஆனால் டயாலிசிஸ் என்பது வருடக்கணக்கு. அதற்காகப் பிள்ளையை நிறுத்தினால் பிள்ளை மீசையோடுதான் திரும்பும்.

சின்னம்மை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே அது தொற்றத் தொடங்கிவிடும். எனவே 'பார்த்ததும் விலக்குவோம்' என்பது போதாது. வகுப்பில் அம்மை என்று தெரிந்த அன்றே டாக்டரிடம் சொன்னால், எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்குத் தடுப்பு மருந்து கொடுக்க வழி உண்டு. நாள் கடந்தால் பலன் குறையும். ஆகவே வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே, "வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறார், அம்மையோ பொன்னுக்கு வீங்கியோ வந்தால் ஒரு போன் போடுங்கள் டீச்சர்" என்று சொல்லி வைப்பது எந்த லீவையும் விடப் பெரிய காவல். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

ஊசியும் அப்படித்தான். தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் அரசு இலவசமாகப் போடுகிறது. சின்னம்மைக்கும் பொன்னுக்கு வீங்கிக்கும் 2024 வரை அரசின் இலவசப் பட்டியலில் ஊசி இல்லை, காசு கொடுத்துத்தான் போட வேண்டும். இருக்கும் காசை அப்பத்தாவைச் சுற்றி இருப்பவர்களுக்கு இந்த ஊசி போடச் செலவழிப்பது நல்ல செலவு. நோயாளிக்கே எந்த ஊசி ஆகும், எது ஆகாது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். சில ஊசிகள் அவர்களுக்கு ஆகாது.

வீட்டில் செய்ய வேண்டியது எளியது. அப்பத்தா கட்டில் மூலையில் இருந்து ஜன்னல் பக்கம் வர வேண்டும். கடல் காற்றை இலவசமாகக் கொடுத்திருக்கிறது கடவுள், ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கிறோம் நாம்! பிள்ளை வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும், சட்டை மாற்றட்டும். இருமினால் தனியாகப் படுக்கட்டும், மாஸ்க் போடட்டும். அப்பாவுக்கும் இதே சட்டம்!

டி.சி.யை மட்டும் வாங்காதீர்கள்

கடைசி வழியாக நீண்ட நாள் வீட்டில் வைத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தாலும், டி.சி.யை வாங்காதீர்கள். பெயர் பதிவேட்டில் இருக்கட்டும். தலைமை ஆசிரியருக்கு ஆஸ்பத்திரிச் சீட்டின் நகலோடு ஒரு கடிதம் எழுதி, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் பெறுங்கள். இல்லையென்றால் 'எமிஸ்' கணக்கில் பிள்ளை இடைநின்றவன் ஆகிவிடுவான். வாரத்துக்கு ஒரு நாள் யாராவது போய் நோட்டை வாங்கி வரட்டும்.

பெயரே போய்விட்டாலும் கதவு அடைபடவில்லை. இடையில் நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பது கட்டாயக் கல்விச் சட்டத்தின் 4-வது பிரிவு. "இடமில்லை" என்று சொன்னால் அந்தப் பிரிவைச் சொல்லிக் கேட்கலாம். 12½ வயது முடிந்திருந்தால் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். 14 வயது ஆனால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாம் வகுப்பு எழுதலாம். ஆனால் வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத பிள்ளைக்கு இவை ஏட்டில் இருக்கும் வழிகள்தான் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவையும் ஒரு அம்மா தனியாக முடிவு செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிக்குக் குறையாமல் பெண்கள். கட்டிடம், கழிப்பறை, குடிதண்ணீர் என்று அங்கே தீர்மானம் போடுகிறார்கள். 'நோயாளி இருக்கும் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர், வகுப்பில் அம்மை வந்தால் அவர்களுக்கு யார் தகவல் சொல்வது, அவர்கள் வராத நாளில் பாடத்தை யார் கொண்டுபோய்க் கொடுப்பது' என்று ஒரு தீர்மானம் போடக் கலெக்டர் உத்தரவு தேவையில்லை.

அக்டோபரில் மழை பிடித்தால் தீவில் காய்ச்சலும் பிடிக்கும். அதற்கு முந்தின கூட்டத்தில் கேட்டுவிடுவது நல்லது.